தாது வருஷத்துக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் போன்ற பெரும்பஞ்சங்களில் மாண்டவர்களுக்காக ஆண்டுதோறும் ஒரு தேசிய நினைவு நாள் அறிவிக்க வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்கு அனுப்புவதற்காகக் காரைக்குடியில் சில நண்பர்கள் ஒரு மனுவைத் தயாரித்து வருகிறார்கள். அதன் நகலைச் சென்ற மாதம் நமக்கு அனுப்பியவர்கள், “நாள் வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேதமில்லை, அதை எப்படி நடத்துவது என்பதில்தான் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை” என்று எழுதியிருந்தார்கள். அச்செய்தி இப்பகுதியில் வெளியானதும் செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றிலிருந்து கடிதங்கள் வந்தன. ஆகவே, இம்மாதம் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அயர்லாந்து நாட்டில் இத்தகைய நாளை அரசே நடத்துகிறது என்று அறிகிறேன். அவர்கள் செய்வதை அப்படியே நாமும் எடுத்துக்கொண்டால் என்ன?
– ஒரு வாசகர், காரைக்குடி

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், கூர்ந்து பார்க்க வேண்டியது அவசியம். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஓர் அழுகல் நோய் தாக்கியது. அந்நாட்டு ஏழைகளுக்கு அதுவே மூன்று வேளை உணவு என்பதால், 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் கப்பலேறி நாட்டைவிட்டுப் போனார்கள். 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65 லட்சமாகக் குறைந்துவிட்டது. கிழங்குதான் அழுகியதே தவிர, தானியமும் கால்நடைகளும் அந்த ஆண்டுகளிலும் துறைமுகங்கள் வழியாக வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன.

அந்த நாட்டிலும் நினைவு நாள் உடனே வந்துவிடவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2008இல்தான் அரசு அதற்கென ஒரு குழுவை அமைத்தது. மறு ஆண்டு, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஸ்கிபரீன் என்ற சிற்றூரில் முதல் தேசிய நிகழ்ச்சி நடந்தது. அதன்பின் நான்கு மாநிலப் பகுதிகளுக்கும் முறைவைத்து ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஊருக்கு நிகழ்ச்சி செல்கிறது. 2015இல் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழுள்ள வட அயர்லாந்தின் நியூரி நகரத்துக்கும் சென்றது. எல்லைக்கோடு பஞ்சத்தைப் பிரிக்கவில்லை, நினைவையும் பிரிக்க வேண்டாம் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். தேதியும் சில ஆண்டுகள் மாறிமாறி வந்து, பிறகுதான் மே மாதத்தின் மூன்றாவது ஞாயிறு என்று நிலைபெற்றது.

இந்த ஊர்மாற்று முறையை நாம் தயங்காமல் ஏற்கலாம். தலைநகரில் ஒரு மண்டபத்தைக் கட்டி, ஆண்டுக்கு ஒரு முறை அதைத் திறந்து பூட்டினால், பஞ்சம் எங்கே நிகழ்ந்ததோ அந்த வறண்ட ஊர்கள் அந்த நாளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க நேரும். அவர்கள் செய்யும் இராணுவ மரியாதையையும் தூதர்களின் மலர்வளையங்களையும் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. தன்னைக் கைவிட்ட அரசு பின்னாளில் தலைவணங்குவது நியாயமே. ஆயினும், மண்வெட்டியோடு கல்லுடைக்கும் இடத்தில் விழுந்து இறந்தவனை வழியனுப்ப அணிவகுப்பு பொருந்தாது.

ஒரு செய்தியை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அயர்லாந்துப் பஞ்சத்துக்கு வெளிநாட்டிலிருந்து முதலில் சென்ற பெருந்தொகைகளில் ஒன்று கல்கத்தாவில் திரட்டப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்துச் சென்னை மாகாணம் பட்டினியில் கிடந்தது.

மனுவில் ‘பஞ்சம்’ என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். எந்தப் பஞ்சம்? நமக்குத் தாது வருஷம் பெரியது. வங்காளிக்கு 1943 பெரியது. ‘தேசிய’ நாள் என்றால் எதை வைத்து?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தேவகோட்டை

இந்த மனுவின் மையமான கேள்வியையே கேட்டுவிட்டீர்கள். நான் இதைப் பற்றி எண்ணியபோது எனக்குப் புலப்பட்ட ஒன்றைத் தங்கள் முன் வைக்கிறேன். இந்த நாட்டின் ஒவ்வொரு மொழியினரும் தங்கள் பெரும்பஞ்சத்துக்குத் தங்கள் ஆண்டுக் கணக்கிலிருந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். 1770இல் வங்கத்தை அழித்த பஞ்சத்துக்கு, அது வங்காள ஆண்டு 1176 என்பதால் ‘எழுபத்தாறின் பஞ்சம்’ என்று பெயர். 1783இல் வட இந்தியாவில் வந்தது விக்கிரம ஆண்டு 1840 என்பதால் ‘சாலீசா’, அதாவது நாற்பது. 1866இல் ஒடிசாவில் வந்தது பூரி அரசரின் ஆட்சியாண்டுக் கணக்கில் ஒன்பதாம் ஆண்டு என்பதால் ‘நஅங்க’. 1899இல் இராஜஸ்தானத்தில் வந்தது விக்கிரம ஆண்டு 1956 என்பதால் ‘சப்பனியா’, அதாவது ஐம்பத்தாறு. நமக்கு அது தாது வருஷம். மன்னர் பெயரோ நோயின் பெயரோ இடாமல் ஆண்டின் பெயரையே இட்டார்கள் என்றால், அந்த ஆண்டில் வேறு எதுவுமே நடக்கவில்லை என்று அந்த மக்களுக்குத் தோன்றியிருக்கிறது. தாது என்ற ஆண்டு அறுபதாண்டுச் சுற்றில் 1936இலும் 1996இலும் மீண்டும் வந்து போயிற்று. ஆனால், ‘தாது வருஷம்’ என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னபோது அவர்கள் மனத்தில் இருந்தது 1876 மட்டுமே.

நம்முடைய நினைவு அதற்கும் பழையது. பாண்டிய நாட்டைப் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் (பஞ்சம்) வாட்டியபோது, அரசன் புலவர்களை அழைத்து, இனி உங்களைக் காக்க என்னால் இயலாது, போய்ப் பிழைத்திருங்கள், ‘நாடு நாடாயின ஞான்று என்னை உள்ளி வம்மின்’ (நாடு மீண்டும் நாடாகும் நாளில் என்னை நினைத்து வாருங்கள்) என்று அனுப்பிவைத்ததாக இறையனார் களவியல் உரை என்ற பழைய உரைநூல் கூறுகிறது. நாம் இன்று நின்றுகொண்டிருக்கும் சிவகங்கைச் சீமை அந்தப் பாண்டிய நாட்டின் பகுதிதான். நாடு நாடாக இல்லாத காலம் என்பதே பஞ்சத்துக்கு அவ்வுரை தரும் இலக்கணம்.

ஆகவே, ஒரு பஞ்சத்தைத் தேர்ந்து மற்றவற்றை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கினால் கேட்பவர் மனத்தில் ஒன்றும் தங்காது. நிகழ்ச்சி எந்த மாநிலத்துக்குச் செல்கிறதோ, அந்த ஆண்டு அந்த மாநிலத்தின் பஞ்சத்தை மட்டும் முழுமையாக எடுத்துச் சொல்வது என்றும், மற்றவற்றின் பெயர்களைத் தொடக்கத்தில் அந்தந்த மொழியில் ஒருமுறை உரக்கச் சொல்வது என்றும் மனுவில் எழுதலாம்.

எந்தத் தேதியில் நடத்துவது? பெயரும் திதியும் தெரியாமல் இறந்தவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் நீரும் இறைப்பது நம் வழக்கம். அந்த நாளையே தேசிய நாளாக்கினால் என்ன?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

தங்கள் யோசனை என்னை நெகிழவைத்தது. பஞ்சத்தில் குடும்பம் குடும்பமாக அழிந்தவர்களுக்குத் திதி கொடுக்க ஆளில்லை என்பதும், அவர்கள் நம் எல்லோருக்கும் பொதுவான முன்னோர் என்பதும் அதில் அடங்கியிருக்கின்றன. புரட்டாசியில் வரும் அந்த அமாவாசையன்று, விருப்பமுள்ளவர்கள் தாது வருஷத்தில் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணி நீர் இறைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், பசி சமயம் பார்த்து வரவில்லை; இறந்தவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஆகவே, அரசு அறிவிக்கும் நாள் எவருடைய வழிபாட்டு நாளாகவும் இருத்தலாகாது.

என் பரிந்துரை ஆகஸ்டு மாதத்தின் நான்காவது ஞாயிறு. 1943 ஆகஸ்டு 22 அந்த மாதத்தின் நான்காவது ஞாயிறாக இருந்தது. போர்க்காலத் தணிக்கையின் நடுவே, கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேடு வீதியில் சுருண்டு கிடந்த மனிதர்களின் புகைப்படங்களை அன்றுதான் வெளியிட்டது. அதுவரை அதிகாரிகள் பஞ்சம் என்ற சொல்லைத் தவிர்த்தே வந்தார்கள். நம் பக்கத்திலும் 1877 ஆகஸ்டில்தான் சென்னையிலிருந்து இங்கிலாந்து மக்களுக்கு உதவி கேட்டு வேண்டுகோள் போயிற்று; வைஸ்ராய் லிட்டன் நேரில் சென்னைக்கு வந்ததும் அந்த மாத இறுதியில்தான். அவரே அவ்வாண்டின் முதல் நாள் டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தபோது, தென்னாட்டில் இரண்டு பருவமழையும் பொய்த்திருந்தன. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றிய மறு வாரமோ அதற்கடுத்த வாரமோ இந்த நாள் வருவதும் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆவணி முகூர்த்தங்கள் அந்த ஞாயிறுகளில் வரும் என்று மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். திருமணங்கள் தம் போக்கில் நடக்கட்டும். இந்த நாள் யாருடைய வீட்டுக் காரியத்தையும் தடுப்பதற்காக வருவதன்று. அக்டோபர் 16 உலக உணவு தினமாக ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு: அது வருங்கால உணவைப் பற்றித் திட்டமிடும் நாள். அதோடு சேர்த்தால் இறந்தவர்கள் கருத்தரங்குகளுக்குள் மறைந்துபோவார்கள்.

மனுவில் அன்று உண்ணாநோன்பு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பசியால் செத்தவர்களை நினைக்கப் பட்டினி கிடப்பதா? அன்னதானம் அல்லவா செய்ய வேண்டும்?
– எழுபது வயதைக் கடந்த ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

ஆச்சி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நோன்பு வேண்டாம் என்பதில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஏகாதசிக்குப் பட்டினி இருப்பவருக்கு மறுநாள் காலையில் பாரணை உண்டு என்பது தெரியும்; தாது வருஷத்தில் அடுத்த வேளை உண்டா என்று தெரியாமல் கிடந்ததுதான் பசி. விரும்பி ஏற்ற விரதத்தால் அந்தப் பசியை அறிந்துவிட்டதாக எண்ணுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஆனால், நம் ஊர் வழக்கப்படியான அன்னதானமும் அன்றைக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. வடை பாயசத்தோடு இலை போட்டு, இன்னார் உபயம் என்று பந்தலில் பலகை கட்டி, ஒலிபெருக்கியில் கொடுத்தவர் பெயரை வாசித்தால், அந்த நாள் கொடுத்தவர்களுடைய நாளாகிவிடும். செட்டிநாட்டின் கொடைப் பெருமைக்குச் சத்திரங்களும் பாடசாலைகளும் ஊருணிகளும் நித்திய சாட்சிகளாக இருக்கின்றன; வருஷத்தில் ஒரு நாளையாவது கொடுத்தவர் பின்வரிசையில் அமர்ந்து, கிடைக்காமல் போனவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

நான் சொல்வது இதுதான். காலையில் ஊரின் பொது இடத்தில், நியாயவிலைக் கடை வாசலானால் இன்னும் நல்லது, ஒரு தராசை வையுங்கள். அதில் ஒரு பவுண்டு தானியத்தை, அதாவது சுமார் 450 கிராம் அரிசியையோ கேழ்வரகையோ நிறுத்து, பக்கத்தில் ஓரணாக் காசு ஒன்றை வையுங்கள். 1877 தொடக்கத்தில் பஞ்ச நிவாரண வேலையில் நாள் முழுதும் கல்லுடைத்து மண் சுமந்த ஓர் ஆணுக்கு, இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி அது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இன்னும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் மனிதன் இதில் உயிர்வாழ மாட்டான், ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அரசோடு எழுத்தில் வாதாடினார். சிறிது காலம் கழித்துத்தான் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் முகாம்களில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

அதே டெம்பிள், மூன்றாண்டுகளுக்கு முன், 1874இல், பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான டன் அரிசியை இறக்கி, பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லாமலே காத்தவர். அதற்காக அவரை ஊதாரி என்று மேலிடம் கடிந்தது. அந்தப் பழியைத் துடைக்கவே சென்னையில் கையை இறுக்கினார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பஞ்சம் வானத்திலிருந்து வருவது என்று நம்புகிறவர்களுக்கு, ஒரே மனிதரின் இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே காட்டினாலே போதும்.

நண்பகலில் கஞ்சி. அதைச் சமைப்பதும் பரிமாறுவதும் ஊரின் வசதியான வீட்டார் பொறுப்பாகட்டும். உண்பது எல்லோரும், கலெக்டர் வந்திருந்தால் அவரும், ஒரே பந்தியில். ஏழைகளை வரிசையில் நிறுத்தி ஊற்றுவதாக அது இருக்கக் கூடாது. தாது வருஷத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகளும் தறி நின்றுபோன நெசவாளர்களும். ஊர்ப் பந்தியில் என்றுமே இலை போடப்படாத சேரிகளில்தான் சாவு மிகுந்திருந்தது. பொதுப்பந்தி என்பது அன்றைக்கு வெறும் சடங்காகாது. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு, வந்தவர் யார் என்று கேளாமல் இன்றுவரை எரிந்துகொண்டிருக்கிறது. நமக்கு வேண்டிய முறை அங்கே தயாராகவே இருக்கிறது.

பர்மாவில் நம்மவர் வைத்திருந்த நிலங்களையும் வங்கப் பஞ்சத்தையும் சேர்த்து இந்த நாளில் பேச வேண்டும் என்று இளைஞர் சிலர் சொல்கிறார்கள். அது நம்மை நாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகாதா?
– ஒரு வாசகர், கோட்டையூர்

ஆகாது என்பது என் கருத்து. ஆனால், தங்கள் மனக்கலக்கம் எனக்குப் புரிகிறது. அந்த வரலாற்றின் வீட்டுக்குள்தான் நானும் பிறந்தேன்.

கணக்கை முதலில் பார்ப்போம். ஐராவதி ஆற்றுப் படுகையில் காடு திருத்தி நெல் விளைவித்த பர்மிய உழவர்களுக்குக் கடனாக முதல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, அங்கே போன நகரத்தார்கள் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்). அந்த நெல்தான் சென்னை, வங்கம், இலங்கை ஆகிய பகுதிகளுக்கு ஆண்டுதோறும் கப்பலில் வந்தது. 1930இல் நெல் விலை சரிந்தபோது கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலங்கள் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம் 1938இல் 25 பங்காயிற்று. நிலம் வேண்டும் என்று போனவர்கள் அல்லர் அவர்கள்; வட்டித் தொழிலுக்கு நிலம் ஒரு சுமை. ஆயினும், உழுதவன் கையிலிருந்து நிலம் போனது போனதுதான்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த அரிசி நின்றது. கிட்டங்கிகள் எனப்படும் தங்கள் தொழில் இருப்பிடங்களைப் பூட்டிவிட்டு அரக்கான், அசாம் காடுகள் வழியே நடந்து வந்தவர்களில் பாதி வழியில் இறந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. ஆனால், வங்கத்தில் அடுத்த ஆண்டு நிகழ்ந்த பெருஞ்சாவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்வது தவறு. 1942 அக்டோபரில் மேதினிபூரைப் புயல் அழித்தது. எதிரி கைக்குப் போகக் கூடாதென்று கடலோரத்துப் படகுகளையும் நெல்லையும் அரசு அகற்றியது. படைக்காகவும் கல்கத்தாவின் தொழிற்சாலைகளுக்காகவும் வாங்கிக் குவித்ததில் விலை கூலிக்காரன் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. மாகாணங்கள் ஒன்றுக்கொன்று கதவடைத்துக்கொண்டன. அன்று சிறுவனாக அதைப் பார்த்த அமர்த்தியா சென், அரிசி மொத்தத்தில் இருந்ததா என்பதைவிட, அதை வாங்கும் வலிமை யாரிடம் இருந்தது என்பதே கேள்வி என்று பின்னாளில் நிறுவினார். உட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு இறந்தோர் 15 லட்சம் என்றது. இப்போது பொதுவாகச் சொல்லப்படுவது 30 லட்சம்.

இவை எல்லாவற்றையும் அன்று சொல்ல வேண்டும். 1874இல் பீகாரைக் காத்ததும் பர்மா அரிசிதான் என்பதையும், அதன் பின்னே நம்மவர் முதலும் இருந்திருக்கக் கூடும் என்பதையும் சேர்த்தே சொல்லலாம். வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாத பேரேட்டை எந்தக் கடையின் பெட்டியடியிலாவது ஏற்றுக்கொண்டார்களா? பேரப்பிள்ளைகள் மீது யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. நம் வீட்டு மரப்பெட்டிகளில் செல்லரித்துக் கிடக்கும் அந்தப் பேரேடுகளை நாமே திறந்து கொடுத்தால், இந்த நாட்டில் வேறு எந்தச் சமூகமும் தர முடியாத சான்றுகளை நாம் தந்தவர்களாவோம்.

இப்போதுதான் பஞ்சமே இல்லையே. எதற்கு இந்த நாள்?
– ஒரு வாசகர், புதுவயல்

நூறு நாள் வேலையும் நியாயவிலைக் கடையும் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கும்வரை இந்த நாள் தேவை. தாது வருஷத்துக்குப் பிறகு 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்ததும், அதையொட்டி, பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று கூறும் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டதும், இறந்தவர்கள் நமக்கு விட்டுச் சென்றவை.

நினைவுச் சின்னம் எங்கே அமைப்பது? சிலை வைக்கலாமா? இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்க முடியுமா?
– கல்லூரி மாணவி ஒருவர், காரைக்குடி

பெயர்கள் இல்லை அம்மா. அதுதான் இந்தத் துயரத்தின் அடிப்பகுதி. தாது வருஷத்தையொட்டித் தென்னிந்தியாவில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால், அவர்களில் பெயரோடு நமக்குத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய எவருமில்லை. அந்தப் பஞ்சத்தின் அடையாளமாகச் சென்னையில் எஞ்சியிருப்பது, நிவாரண வேலையாகக் கூலிகள் வெட்டி நீட்டிய கால்வாய். அதற்கும் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே வழங்குகிறது. வெட்டியவர்கள் பெயர் ஒன்றுகூட அதன் கரையில் இல்லை.

பெயர்களுக்குப் பதிலாக எண்களைப் பொறிக்கலாம். 1871இல் சென்னை மாகாணத்தில் முதல் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. எண்ணிக்கை சுமார் 3 கோடியே 12 லட்சம். பத்தாண்டு கழித்து 1881இல் எண்ணியபோது சுமார் 3 கோடியே 8 லட்சம். பிறந்து பெருகியிருக்க வேண்டியவர்களை எண்ணிப் பாருங்கள். சேலம் மாவட்டத்தில் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக மக்கள் காணாமல் போயிருந்தார்கள். இவ்விரு எண்களையும் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஒரு கல்லில் அருகருகே வெட்டி வைத்தால் போதும். விளக்கம் கூடத் தேவைப்படாது.

நம் மக்கள் இதற்கு முன்பே தங்கள் வழியில் ஒரு நினைவிடம் அமைத்துவிட்டார்கள் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி கதவடைத்ததால் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளுக்கு, வத்திராயிருப்புப் பக்கத்து அர்ச்சுனாபுரத்தில் கோயில் இருக்கிறது. கொடுத்த வள்ளல் யாருக்கும் எழுப்பாமல், கொடுக்கப்படாதவளுக்கு எழுப்பிய கோயில் அது.

சிலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஏடு. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் சிறு பிரசுரங்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக விளங்குகின்றன. காலணாவுக்கு விற்ற பஞ்சக் கும்மிகளும் சிந்துகளும் அத்தகைய ஒருவர் கையில் சேராவிட்டால் எரிந்துபோயிருக்கும். சிவகங்கைச் சமஸ்தானப் புலவர் வில்லியப்ப பிள்ளை, பசித்தவர்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் சிவகங்கை மன்னருக்குச் சீட்டெழுதிக் கொடுப்பதாகப் பாடிய ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ நம் மண்ணில் பிறந்த பஞ்ச சாட்சியம். நினைவு நாள் சிவகங்கை மாவட்டத்துக்கு வரும் ஆண்டில் மேடையில் வாசிக்கப்பட வேண்டியது அதுதான். கல்லூரி மாணவர்களாகிய நீங்கள் வீடு வீடாகச் சென்று அப்பத்தாக்களிடமும் ஆயாக்களிடமும் ‘பஞ்சத்தில் அடிபட்டவன்’, ‘பஞ்சம் பிழைக்கப் போனவன்’ என்ற சொற்களின் பின்னே அவர்கள் கேட்டறிந்த கதைகளைப் பதிவு செய்யுங்கள். எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், எந்தக் கீரையைத் தின்னக் கூடாது என்று கண்டார்கள் என்பதையும் கேளுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கல்லும் ஏடும் போக, மூன்றாவதாக ஒன்று செய்யலாம் என்றால், ஊருணியைத் தூர்வாருவது. பஞ்சத்தின் முடிவில், 1878இல் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி அங்குள்ள குளங்களைச் சீர்செய்ததை அந்தப் பக்கத்தார் இன்னும் நன்றியோடு நினைக்கிறார்கள். நம் ஊர்களில் வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கும் ஊருணி ஒன்றையாவது ஆண்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அமைச்சர்களும் தலைவர்களும் பேசலாமா?
– ஒரு வாசகர், கண்டனூர்

வரலாம்; கஞ்சி அருந்தலாம். பேச்சு ஒருவருக்கு மட்டும், பத்து நிமிடம். பொன்னாடையும் மாலையும் வேண்டவே வேண்டாம்.

எங்கள் கொள்ளுத்தாத்தா பஞ்சம் பிழைக்கச் சிவகங்கைப் பக்கத்திலிருந்து கிளம்பியவர் என்று மட்டும் தெரியும். எந்த ஊர் என்று தெரியாது. போனவர்களுக்கு உங்கள் நினைவு நாளில் இடம் உண்டா?
– ஈப்போவிலிருந்து ஒரு வாசகர், மலேசியா

உண்டு ஐயா; இறந்தவர்களுக்கு அடுத்த இடம் உங்களுக்குத்தான். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் நாளைக் கடல் கடந்த நாடுகளிலும் நடத்தி வந்திருக்கிறார்கள். அத்துடன், 1847இல் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்ட 1,490 பேர் கனடாவுக்குக் கப்பலேற டப்ளின் வரை நடந்த 165 கிலோமீட்டர் வழியை நடைபாதையாக அடையாளமிட்டு, இன்று அதே வழியில் நடக்கிறார்கள். நம்மவர்களில் இதற்கு ஈடாகச் செய்தவர்கள் இலங்கையின் மலையகத் தமிழர்கள். தங்கள் முன்னோர் காப்பித் தோட்டங்களுக்குக் காட்டு வழியே நடந்து, காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்த அந்தத் தலைமன்னார்–மாத்தளை வழியை, இருநூறாம் ஆண்டை முன்னிட்டு 2023இல் அவர்கள் பதினாறு நாட்கள் நடந்து கடந்தார்கள். அந்த நடை தலைமன்னாரில் தொடங்கியது. ஆனால், அதன் முதல் பாதி நம் பக்கத்துக் கரையில் இருக்கிறது.

அந்த முதல் பாதியை நாம் நடக்க வேண்டும் என்று மனுக்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் தோணியேறிய துறைகளில் தொண்டி ஒன்று. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு நிதானமாக நடந்தால் மூன்று நாள் ஆகும். ஆகஸ்டு வெயிலில் பகல் நடை முதியோருக்கு ஆகாது என்பதால், விடியலுக்கு முன் கிளம்பிப் பத்து மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். முதல் இரவு தேவகோட்டையிலும் மறு இரவு திருவாடானையிலும் தங்கி, மூன்றாம் நாள் ஞாயிறாக அமையும்படி வெள்ளிக்கிழமை புறப்படலாம். தொண்டிக் கரையில் மேடை போட வேண்டாம். ஈப்போவிலிருந்தும் இலங்கையின் அட்டனிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும், ஊர்ப்பெயர் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பவர்கள் எழுதி அனுப்பும் கடிதங்களை, யாருக்குக் குரல் நன்றாக இருக்கிறதோ அவர் கடலைப் பார்த்து நின்று வாசிக்கட்டும். தங்கள் கடிதத்தை முதலாவதாக வாசிக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.